நாலு நிமிஷம்

பழைய ஹார்டு டிஸ்க் தூக்கம் கலைந்து எழ நாலு நிமிஷம் ஆகும். அதுவரை ரத்தினசாமியும் அவர் மனைவி வேதவல்லியும் கம்ப்யூட்டர் முன்னால் டீ குடித்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். மகளின் பிரசவத் தேதி, முருங்கையில் கம்பளிப்பூச்சி, எல்லாம் அந்த நாலு நிமிஷத்தில்தான். அதைக் கேட்டுக்கொண்டே கடகடவென்று சுற்றுவது ஹார்டு டிஸ்க்குக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒருநாள் ரத்தினசாமி, ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிவந்தார். கடைக்காரர் முதலில் காட்டிய ரகத்துக்கு இந்தப் பழைய கம்ப்யூட்டரில் இடமில்லை. அதனால் பழைய கேபிளிலேயே பொருந்துகிற ரகமாகப் பார்த்து எடுத்திருந்தார். அதை மாட்டிவிட்டு, போட்டோக்களுக்காக ஹார்டு டிஸ்க்கையும் பக்கத்திலேயே விட்டுவைத்தார்.

“பெரியவரே, இனி நீங்க ஓய்வெடுங்க. நான் பத்தே செகண்டுல எழுந்துருவேன்” என்றது புதுசு.

மறுநாள் சொன்னபடியே எழுந்தது. வேதவல்லி இரண்டு டம்ளரோடு வந்தபோது ரத்தினசாமி வேலையில் மூழ்கியிருந்தார்.

“அதுக்குள்ள வந்துருச்சா?” என்றவள், தன் டீயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஒரு டம்ளர்தான் வந்தது.

ஹார்டு டிஸ்க் பழைய காலைகளை நினைத்துக்கொண்டு கிடந்தது. புதுசு மெல்லக் கேட்டது.

“பெரியவரே, மெதுவா எழுந்திருக்கறது எப்படி?”