ஏழாயிரத்துப் பன்னிரண்டு

"உண்மையச் சொல்லு ஜாக்சன். என் பாட்ட ராவும் பகலும் ஓட்டினது நீதானே?"

அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஜாக்சனின் செல்போன் பழுதுபார்க்கும் கடை. வாசலில் நின்று டேவிட் கத்தினான். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான்.

ஜாக்சன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"இன்னா ஆச்சு மச்சான்? உள்ள வந்து சொல்லு."

"மச்சான்னு கூப்டாத."

சார்ஜர் வாங்க வந்த கோதண்டம், வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்.

டேவிட் தன் போனை நீட்டினான். பாடல்களை இணையத்தில் ஏற்றித் தரும் நிறுவனத்திலிருந்து காலையில் கடிதம் வந்திருந்தது. அவனுடைய ஆல்பத்தில் இருந்த எட்டுப் பாட்டையும் எடுத்துவிட்டார்கள். யாரும் கேட்காமலே ஓட்டி எண்ணிக்கையை ஏற்றியிருக்கிறானாம். இன்னொரு முறை நடந்தால் அவன் பேரில் பாட்டே ஏற்ற முடியாதாம்.

"நேத்து ஆராதனையில பாஸ்டர் மைக்ல சொன்னாரு. ஏழாயிரத்துப் பன்னெண்டு தடவ கேட்டுக்கீறாங்கன்னு. சபையே கை தட்டுச்சு. நீயும்தான் தட்டின."

"ஆமா, தட்டினேன்."

"போன் போட்டு விசாரிச்சேன். எல்லாம் ஒரே போன்லேர்ந்தாம். அதுவும் அம்பத்தூராம். எட்டு பாட்டும் சேத்து முப்பத்திரெண்டு நிமிஷம். ஒரு நாளைக்கு நாப்பத்தஞ்சு சுத்து. முன்னூத்தி அறுவது தடவ. பத்தொம்பது நாள் ஓடிக்கீது. அதக் கழிச்சா மிச்சம் நூத்தி எழுவத்திரெண்டு. அதுலயும் பாதி நானே கேட்டது."

"சபை குரூப்புல எத்தினி பேரு தம்பி?" என்று கோதண்டம் கேட்டார்.

"இருநூத்திப் பதினாலு. அத்தினி பேரும் ஹார்ட்டு போட்டாங்க."

"ஹார்ட்டு போடறதுக்குப் பாட்டு கேக்கணுமா இன்னா?"

டேவிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் டேவிட்டும் ஜாக்சனும் சேர்ந்து பாடி, ஆயிரம் சி.டி. போட்டார்கள். ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் மேஜை போட்டு நின்றார்கள். மூன்று கிறிஸ்துமஸுக்குள் தொள்ளாயிரத்து நாற்பது போயிற்று. வாங்கியவர் முகம் அத்தனையும் தெரியும். பிறகு சி.டி. என்ற ஒன்றே இல்லாமல் போனது. ஜாக்சன் பாடுவதை விட்டான். டேவிட் விடவில்லை.

"நீ வுட்ட, நான் வுடல. அந்த வயித்தெரிச்சல்தான் உனக்கு. 'லிங்க் அனுப்பினா எவன்டா கேப்பான்'னு நீதான கேட்ட? உன் கடையிலதான போனு கொட்டிக் கெடக்கு?"

ஜாக்சன், "எந்தத் தேதிலேர்ந்து ஓடியிருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

"பதினொண்ணு."

பழுதுக்கு வரும் போன்களைத் தேதிவாரியாகக் குறித்து வைக்கிற நோட்டு மேஜையில் இருந்தது. ஜாக்சன் அதைப் புரட்டினான். ஓரிடத்தில் விரல் நின்றது. நோட்டை மூடினான்.

"சொல்லுடா."

"ஆமா. நான்தான்."

இல்லை என்பான், இரண்டு அறை விடலாம் என்று வந்தவன் டேவிட். அவன் கை அப்படியே தொங்கியது.

"ஏண்டா?"

"சும்மா. வெளையாட்டா."

"அந்த எட்டு பாட்டுக்கு ரெண்டு வருஷம்டா. ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம்கூட நான் படுத்ததில்ல." டேவிட் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். "இனிமே என் வூட்டுப் பக்கம் வராத. என் பசங்க உன்ன மாமான்னு கூப்புடக் கூடாது."

வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

கோதண்டம் சார்ஜரை மேஜைமேல் வைத்தார்.

"இத நீயே வச்சுக்கப்பா. கூடப் பாடினவனுக்கே குழி தோண்டறவன் கடையில எனக்கு ஒண்ணும் வாணாம்."

ஜாக்சன் காசைத் திருப்பிக் கொடுத்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டேவிட்டின் மனைவி பெனிஷா வந்தாள். படியேறாமல் வெளியிலேயே நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

ஜாக்சன் தலை நிமிராமல் கேட்டான். "ஆஃப் பண்ணிட்டியாம்மா?"

அவள் பைக்குள்ளிருந்து ஒரு பழைய போனை எடுத்து வைத்தாள். பதினொன்றாம் தேதி அவன் பேட்டரி மாற்றிக் கொடுத்த போன். தையல் மெஷின் மிதிக்கும்போது கேட்க வேண்டும், திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி வைத்துக் கொடுங்கள் என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

"பீரோ பின்னாடி சார்ஜ்ல போட்டு, சத்தத்த சுத்தமா கொறச்சு வச்சிருந்தேண்ணே. பாட்டு ஏத்தின மொத வாரம் நம்பர் பதினாறுலயே நின்னுச்சு. காலையில அதப் பாத்துட்டு அவரு டிபன் பாக்ஸ்கூட எடுக்காமப் போவாரு. நம்பர் ஏறின அன்னிக்குத்தான் ஒழுங்கா சாப்ட்டாரு. இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாதுண்ணே."

"எனக்குந்தான் தெரியாது. திரும்பத் திரும்ப ஓட நான்தான வச்சுக் குடுத்தேன்? அப்ப நான் சொன்னதுல பாதிதான் பொய்."

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்தப் பழி? நானே அவராண்ட சொல்லிடறேன்."

ஜாக்சன் அந்தப் போனை எடுத்து, பாட்டு வைத்திருந்த செயலியை அழித்து, அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

"வாணாம்மா. பொறாமையில ஒருத்தன் கெடுத்தான்னு நெனச்சா, வீம்புக்காவது இன்னும் எட்டு பாட்டு பாடுவான். பொண்டாட்டி பரிதாபப்பட்டு ஓட்டினதுன்னு தெரிஞ்சா, அப்புறம் அவன் வாயே தொறக்க மாட்டான்."