பவளம் மணலில் புதைந்த நாள்

பவளம் என்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் முதன்முதலாகப் பந்தயத் தடத்துக்கு வந்திருந்தது. சிக்னலில் பச்சை விழுந்தால் ஊரில் அதை முந்த ஆளில்லை. அதனால் பக்கத்தில் நின்ற சிட்டு என்ற சின்ன வெள்ளைக் காரை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொடி அசைந்தது. நேர்ப்பாதையில் பவளம் சீறிப் பாய்ந்து எல்லாரையும் பின்னால் விட்டது. முதல் வளைவு வந்தபோதும் வேகத்தைக் குறைக்க அதற்கு மனம் வரவில்லை. அடுத்த நொடி சுழன்று போய், ஓரத்து மணலில் பாதிச் சக்கரம் புதைய நின்றது. அதே வளைவில் சிட்டு அலுங்காமல் திரும்பிப் போனதை மணலில் கிடந்தபடியே பார்த்தது.

இழுவை வண்டி இழுத்து வந்து ஓரம் கட்டியதும், "நான் வீட்டுக்கே போறேன்" என்றது பவளம்.

"நானே அந்த மணல்ல மூணு தடவை மாட்டியிருக்கேன்" என்று சிரித்தது, சுற்றை முடித்துப் பக்கத்தில் வந்து நின்ற சிட்டு.

பவளம் தயங்கித் தயங்கிக் கேட்டது. "நீ எங்கே பிரேக் போடுறே?"

"அந்த மஞ்சள் பலகைகிட்ட."

"அவ்வளவு முன்னாடியேவா? எல்லாரும் சிரிப்பாங்களே!"

"யாருக்கு நேரமிருக்கு? அவங்கவங்க வளைவைப் பார்க்கவே சரியா இருக்கு."

அடுத்த சுற்றுக்குப் பவளம் மறுபடி தடத்தில் இறங்கியது. பலகையருகே வேகத்தைக் குறைத்தது. நான்கு டயர்களும் தரையைக் கவ்விக்கொள்ள, அழகாகத் திரும்பியது. வளைவைத் தாண்டிய சந்தோஷத்தில் தன்னை அறியாமல் ஹாரன் அடித்துவிட்டது.

மாலையில், ஒவ்வொரு காரும் சுற்றை முடித்த நேரப் பட்டியலை ஒட்டினார்கள். பதினோரு கார்களில் பவளத்துக்குக் கடைசி இடம். அதை முழுக்கப் படித்துவிட்டு, நேரே சிட்டுவிடம் ஓடியது.

"அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு இந்தத் தடத்தோட கதவைத் திறப்பாங்க?"