மிச்சம் ஆறு பந்து

"யோவ் வெர்லின்! உனக்கு எண்ணத் தெரியுமா, தெரியாதா?"

நான் கத்திய கத்தலில் முன்வரிசைக்காரர் கையிலிருந்த பாப்கார்ன் சிதறியது. சிதறட்டும்! என் வயிற்றெரிச்சல் எனக்கு.

பின்னே என்ன? மாவட்ட பேஸ்பால் இறுதிப் போட்டி. நாங்கள் நாலு, ஓக் கிரீக் மூணு. கடைசி இன்னிங்ஸ், ஓக் கிரீக்கில் ரெண்டு பேர் அவுட், இன்னும் ரெண்டு பேர் ஓடி வரக் காத்து நிற்கிறார்கள். இன்னும் ஒரே ஒருத்தனை அவுட்டாக்கினால் எங்கள் பிள்ளைகள் மாநிலப் போட்டிக்கு லிங்கன் நகருக்குப் போகிறார்கள். பந்து எறிவது யார்? பதினோரு பையன்களுக்கு நடுவே ஒரே பெண். என் மகள் டெலனி!

அந்த நேரம் பார்த்து ஸ்கோர் அறை ஜன்னலில், பந்துக் கணக்கு வைக்கும் வெர்லின் கோலார் தலையை நீட்டுகிறார். "எண்பத்தஞ்சு பந்து ஆச்சு. பிட்சரை மாத்துங்க."

பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒரு நாளில் எண்பத்தைந்து பந்துக்கு மேல் எறியக் கூடாது, முழங்கை கெட்டுவிடும் என்று விதி. நல்ல விதிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் போட்ட ஒவ்வொரு பந்தையும் நானும்தானே எண்ணிக்கொண்டிருந்தேன்? எழுபத்தொன்பது!

கோச் ரஸ் ஜன்னலுக்கு ஓடினார். "வெர்லின், என் கணக்குல எண்பதுகூட ஆகலையே!"

"என் நோட்டுல எண்பத்தஞ்சு. என் நோட்டுதான் செல்லும்."

ஓக் கிரீக் பக்கம் கணக்கு வைத்திருந்த ஆளைக் கேட்டார்கள். "பெரியவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அவனுக்குக் கசக்குமா?

எனக்குப் புரிந்துவிட்டது. ஏப்ரலில் அணிக்கு ஆள் எடுக்கும்போதே, "பொண்ணுங்களுக்குத்தான் தனியா சாஃப்ட்பால் இருக்கே" என்று முனகிய மனுஷன் இவர். ஒரு பெண் ஜெயித்துக் கொடுத்துவிட்டால் தாங்குமா?

 டெலனி பந்தை, அடுத்து எறிய வந்த கேஸியின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். கூட்டமே எழுந்து நின்று கை தட்டியது. 

கேஸி போட்டான். முதல் பந்து எங்கேயோ போனது. ரெண்டாவது பந்து, டங்! வேலி வரைக்கும் பறந்தது. ஒருத்தன் ஓடி வந்தான், அவன் பின்னாலேயே இன்னொருத்தன். நாலுக்கு அஞ்சு. தோற்றோம்.

"கண்ணாடியை மாத்து பெருசு!" "வீட்டுக்குப் போய் ஒண்ணு ரெண்டு படி!" என்று நாலா பக்கமும் கூச்சல். யாரோ சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை ஸ்கோர் அறைமேல் வீசினார்கள்.

"ட்ரூடி, வேணாம். விடு" என்று ரஸ் என் தோளைப் பிடித்தார்.

"விடறதா? இன்னிக்கு அந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!"

மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினேன். தட்டவெல்லாம் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"பெரிய மனுஷனாய்யா நீ? ஒரு பொண்ணு ஜெயிச்சா உனக்கு என்ன..."



உள்ளே ஸ்டூலில் டெலனி. அவள் வலது கை, வெர்லினின் ஐஸ் பெட்டிக்குள் சோடா டின்களுக்கு நடுவே புதைந்திருந்தது. அவர் இரண்டு கையாலும் ஐஸை அள்ளி அள்ளி மேலே போட்டுக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்தும்மா, பசங்க பாத்துடுவாங்க!" என்றாள் அவள்.

சாத்தினேன். கையை வெளியே எடுத்துப் பார்த்தேன். முழங்கையின் உள்பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. "நீட்டு" என்றேன். பாதிக்கு மேல் நீளவில்லை. என் கண்ணே! இந்தக் கையோடா இத்தனை நேரம் எறிந்தாய்?

"நாலாவது இன்னிங்ஸ்லேர்ந்தே வலிம்மா. அவரைத் திட்டாதே. ஷூ லேஸ் கட்டணும்னு டைம் கேட்டேனே, அப்ப ஜன்னல்கிட்ட வந்து, 'மிஸ்டர் கோலார், எனக்கு இன்னும் எத்தனை மிச்சம்?'னு கேட்டேன். ஆறுன்னார். 'அந்த ஆறையும் போட்டுட்டதா வெச்சுக்கோங்களேன்'னேன். என் கையை ஒரு தடவை பாத்தார். அவ்வளவுதான், எழுந்துட்டார்."

"கோச்கிட்ட சொல்ல வேண்டியதுதானேடி?"

"கணக்கு முடிஞ்சு இறங்கினா எழுந்து நின்னு கை தட்டறாங்க. வலிக்குதுன்னு இறங்கினா?"

நான் வெர்லினைப் பார்த்தேன். வெளியே கூச்சல் அடங்கவில்லை. "ஊரே உங்களை..."

"திட்டட்டும். எனக்குக் காது மந்தம்" என்றார். "நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. வளர்ற வயசு, எலும்பு இன்னும் முத்தியிருக்காது. விட்டா உள்பக்கம் பிஞ்சுக்கிட்டு வந்துடும். நாலு மாசம் பந்தைத் தொடாதேன்னா, சரின்னு கேட்டுக்கோ."

 மகளின் முகத்தைக் கையில் ஏந்தினேன். "ஏண்டி, பெத்தவ நான் ஒருத்தி இருக்கேனே. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

டெலனி அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"போன மாசமே சொன்னேனேம்மா. நீதான், 'பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போடு, வலிக்குதுன்னா அந்தக் கோலார் கிழவன் சிரிப்பான்'னு சொன்னே."