சோமனூருக்குப் போய்வந்த டி.சி.

"ஏண்டா ஆறுச்சாமி, புள்ளைய காலேஜ்ல சேர்த்த வந்தவன் டி.சி.ய ஊட்டுலயா உட்டுப்போட்டு வருவே?"

பெரியவர் நாச்சிமுத்து போட்ட சத்தத்தில், கோவையின் அந்த அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு அரங்கத்துக்கு வெளியே நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேத்து ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுபோனனுங்ணா. திரும்ப ஃபைல்ல வெக்க மறந்துபோட்டனுங்க" என்று தலையைச் சொறிந்தார் அவருடைய தம்பி ஆறுச்சாமி.

"சாப்பிட மறந்தியா? வேட்டி கட்ட மறந்தியா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆறுச்சாமியின் மகள் சண்முகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மனிதரை எடைபோட நமக்கெல்லாம் அரை நிமிடம் போதும். அங்கே நின்றவர்களும் அதற்குள் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார்கள்: பொறுப்பில்லாத தகப்பன்.

சோமனூரில் அண்ணனுடைய தறிக்கூடத்தில் இருபது வருடங்களாக விசைத்தறி ஓட்டுபவர் ஆறுச்சாமி. அண்ணன் எதிரே அவர் உட்கார்ந்ததில்லை. அண்ணன் பேச்சை மறுத்ததுமில்லை. சண்முகப்பிரியா பி.காம்.தான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அண்ணனே.

"பி.காம்.னா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க மறுபேச்சுப் பேச மாட்டாங்க. அதென்னமோ பொது நிர்வாகமாம்! அதைப் படிச்சுப்போட்டு ஊர் நிர்வாகத்தையா பாக்கப் போறே, அம்மிணி?"

அவள் ஊர் நிர்வாகத்தைத்தான் பார்க்க ஆசைப்பட்டாள்.

நலவாரிய அட்டைக்காக அப்பா மூன்று முறை மனுக் கொடுத்தும் நடக்காதபோது, நான்காவது மனுவைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை அவரோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனவள் அவள். அட்டை கிடைத்தது. திரும்பி வரும் பேருந்தில் கேட்டாள்:

"அப்பா, அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உக்காரோணும்னா என்ன படிக்கோணும்?"

ஆறுச்சாமி பதில் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு பெரியப்பா பி.காம். என்று சொன்னபோதும் அதே மௌனம். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"ஊட்டுக்கு ஃபோனைப் போட்டு ஆரையாவது கொண்டுவரச் சொல்லு" என்றார் நாச்சிமுத்து.

"இவ அம்மா மில்லுக்குப் போயிட்டாளுங்ணா. ஊட்டுச் சாவியும் எங்கிட்டதானுங்க இருக்குது."

"அப்ப நீயே பஸ்ஸப் புடிச்சு ஓடு. நான் காரை எடுத்துட்டுப் போனா, இவ பேரைக் கூப்பிடறப்ப உள்ள ஆரு பேசறது? நீயா?"

"அதானுங்ணா" என்று சொல்லிவிட்டு ஆறுச்சாமி ஓடினார்.

பத்தரை மணிக்குச் சண்முகப்பிரியாவின் தரவரிசை எண்ணை அழைத்தார்கள். மேசையில் இருந்த பேராசிரியை மதிவதனி சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அசல் டி.சி. இல்லாம சீட் குடுக்க முடியாதுங்க. அது வந்ததும் வாங்க. அப்ப எது மிச்சமிருக்கோ அதுதான்."

நாச்சிமுத்து தம்பிக்கு ஃபோன் மேல் ஃபோன் செய்துகொண்டே இருந்தார்.

"கருமத்தம்பட்டியில பஸ் நின்னுபோச்சுங்ணா."

"நீலாம்பூர் தாண்டிட்டனுங்ணா."

"பீளமேட்டு சிக்னல்ங்ணா. இதா, வந்துட்டேன்."

அரங்கத்துக்குள் பி.காம். இடங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஒரு மணிக்குக் கடைசி இடத்தை லாஸ்யா என்ற பெண் வாங்கிக்கொண்டு, வெளியே ஓடி வந்து தன் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

ஐந்து நிமிடம் கழித்து, சட்டை தொப்பலாக நனைந்திருக்க, மூச்சு வாங்க வந்து நின்றார் ஆறுச்சாமி. கையில் டி.சி.

"வரலாறு, பொது நிர்வாகம் ரெண்டும்தான் இருக்கு. எது வேணும்மா?" என்றார் மதிவதனி.

நாச்சிமுத்து தம்பியை முறைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் கையை உதறினார்.

"என்னத்தையோ எழுதிக் குடு, அம்மிணி. உனக்கு வாய்ச்ச அப்பன் அப்படி!"

"பொது நிர்வாகங்க, மேடம்."

படிவத்தை இழுத்து வைத்துக் கையெழுத்தைப் போட்டாள்.

நூல் லோடு வந்திருக்கிறது என்று நாச்சிமுத்து காரில் கிளம்பிப் போனார். அப்பாவும் மகளும் கல்லூரியின் பின்வாசல் வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"உங்க மறதி எனக்கு நல்லதாப் போச்சுங்கப்பா" என்று சிரித்தாள் சண்முகப்பிரியா. சற்று நடந்த பிறகு, மனம் கேட்காமல் அதையும் சொன்னாள்: "ஆனா ஒரு நாளாவது பெரியப்பாகிட்ட எனக்காக நீங்க வாயத் திறந்திருக்கலாம்."

"ம்" என்றார் ஆறுச்சாமி.

பேசத் தெரியாதவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிடுவது எத்தனை எளிதாக இருக்கிறது நமக்கு!

நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையிலிருந்து கடைக்காரப் பெண் மெஹராஜ் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, ஒம்பது மணியிலிருந்து அந்த டி.சி. கவரை மடியில வெச்சுட்டு இங்கயே உக்காந்திருந்தீங்களே! போறப்ப எங்கிட்டத் தண்ணி வாங்கிச் சட்டையெல்லாம் நனைச்சுட்டு வேற ஓடுனீங்க! பாப்பா ஆசைப்பட்ட படிப்புக் கெடச்சுதுங்களா?"