செவ்வாய்க்கிழமை எண்ணெய்

“இன்னைக்கும் எண்ணெயா, இக்கா?”

சிகாபுதீனின் தொப்பியைக் கழற்றிய தன்யா தன் விரல் நுனியைப் பார்த்தாள். பிசுபிசுத்தது. மூளை அலைகளைப் பதிவு செய்யும் தலைப்பட்டை அவள் மடியில் கிடந்தது. மறதி நோயை வீட்டிலேயே கண்டுபிடிக்க அது உதவுமா என்று அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கிறார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் இந்த ஒரு வீட்டுக்குத்தான் அவள் மூன்றாம் முறை வருகிறாள்.

“தலை காய்ஞ்சிருந்தாத்தான் மெஷின் பிடிக்கும்னு நேத்தே போன்ல சொன்னேனே.”

“சொன்னியா? மறந்து போச்சு மோளே.”

“மறக்கறதாலதானே மெஷினே வந்திருக்கு,” என்றாள் அவர் மகள் லமியா. கலூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். “ரெண்டு தடவை கேஸ் அடுப்பை அணைக்காம விட்டிருக்கார் தன்யா. போன வாரம் மீன்கறி சட்டியோட கரிஞ்சது. கேட்டா, ‘நான்தான் வச்சேன், மறந்துட்டேன்’ங்கறார். நோய்னு டாக்டர் சொல்லிட்டா ஏலூர்ல ஒரு காப்பகம் பார்த்து வச்சிருக்கேன். வீடு பத்திக்கிட்டா என்ன பண்றது?”

“அங்கே வெள்ளிக்கிழமை பிரியாணி உண்டான்னு கேட்டு வை,” என்றார் சிகாபுதீன்.

அவர் மனைவி ஜொஹரா பீவி சாயா கொண்டுவந்து வைத்தாள். தன்யா குடித்துவிட்டுப் பட்டையை அவர் தலையில் மாட்டினாள். மெஷின் திரையில் கோடுகள் கிறுக்கலாக ஓடின. துடைத்துவிட்டு மாட்டினாள். அதே கிறுக்கல்.

“ஷாம்பு போட்டுக் குளிச்சுட்டு வாங்களேன்.”

“ஒரு குளி ஆச்சு. இன்னொண்ணுன்னா சளி பிடிச்சு நானே உன் ஆஸ்பத்திரிக்கு வந்துடுவேன்.”

ஜொஹரா பீவி இன்னொரு சாயா நீட்டினாள்.

“இத்தா என்னை சாயாவுலேயே முக்கி எடுக்கறாங்க,” என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டாள் தன்யா. பிறகு லமியாவிடம், “மூணு தடவை சரியா வரலேன்னா லிஸ்ட்லேர்ந்து இக்கா பேரை எடுத்துடுவாங்க சேச்சி,” என்றாள்.

லமியா அவளுக்கு ஆட்டோ பிடிக்க இறங்கினாள்.

வாசல் வரை வந்த சிகாபுதீன் குரலைத் தாழ்த்தினார். “மோளே, மூணு தடவையும் நீ செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வந்தே. முதல் தடவை பச்சைக் குடை. அடுத்த தடவை மழையில நனைஞ்சு வந்தே.”

தன்யா நின்றுவிட்டாள். “அப்போ எண்ணெய்?”

“நீ வர்ற அன்னைக்கு மட்டும்தான் தேய்ப்பேன்.”

“எதுக்கு இக்கா?”

உள்ளேயிருந்து ஜொஹரா பீவி கையில் கிளாஸோடு வந்தாள். “யாரு இந்தப் பொண்ணு? இப்பத்தான் வந்துச்சா? வாசல்லயே நிக்க வச்சுப் பேசறீங்களே, ஒரு சாயா குடிக்கட்டும்.”

கிளாஸை வாங்கித் தன்யாவிடம் கொடுத்தார் அவர்.

“அடுப்பை அணைக்காம விட்டது நான் இல்லேன்னு உன் மெஷின் சொல்லிடும்ல.”