நின்று வரும் தாளம்

கணவனின் ஹெட்போனைப் பெட்டியில் வைத்தபடியே அவள் கேட்டாள். "இந்த டூர்ல அந்த முதல் பாட்டை மட்டும் விட்டுடுங்களேன்."

அவன் டிரான்ஸ் என்ற துள்ளல் நடன இசை போடும் டிஜே. புது ஆல்பம் வந்த கையோடு ஊர் ஊராகக் கிளம்புகிறான்.

"மாப்பிள்ளையை வீட்டுல விட்டுட்டு ஊர்வலம் போகச் சொல்றியா? அதுக்குத்தானே கூட்டமே வருது!"

"அதைக் கேட்டா எனக்கு என்னவோ பண்ணுதுங்க."

"என் பாட்டு எதுதான் உனக்குப் பிடிச்சுது? எல்லாமே தடதடன்னுதான் சொல்லுவே."

அவள் ஒரு வயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். அதற்குள் ரேடியோ பேட்டிக்கு ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், முதல் பாட்டுல குதிரை மாதிரி ஒரு தாளம் ஓடுதே, எங்க புடிச்சீங்க?"

"ஒரு மெஷின்ல கிடைச்சுது," என்றான், அவள் பக்கம் திரும்பாமல்.

"நடுவுல அது பொசுக்குன்னு நின்னுடுது. வெளியீட்டு விழாவுல எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னோம். திரும்ப ஆரம்பிச்சதும் அரங்கமே துள்ளுச்சு சார்!"

"அதுதாங்க டிரான்ஸ்!"

ஃபோனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "கேட்டியா?"

"கேட்டேன்." அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. "ஸ்கேன் ரூம்ல டாக்டர்கிட்ட கெஞ்சிக் கேட்டு அந்தத் தாளத்தைப் பதிவு பண்ணீங்க. நம்ம புள்ளையோட நெஞ்சுத் துடிப்புன்னு பாக்குறவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினீங்க. அடுத்த தடவை போனப்ப அந்த மெஷின்ல சத்தமே வரலை."

அவள் பெட்டியை மூடி அவன் பக்கம் தள்ளினாள்.

"போயிட்டு வாங்க. நீங்க நிறுத்தினா அது திரும்ப வரும். எனக்கு நின்னது நின்னதுதான்."