கேளையாடு

முதல் தீயை லவூங் காலால் உதைத்து அணைத்தான்.

விலாவில் குண்டு பாய்ந்தவனுக்கு அவ்வளவு வலு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சுள்ளிகள் சேற்றில் சிதறின. மறுபடி கால் ஓங்குவதற்குள் அவன் தொடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அலறினான்.

"கேளையாடுன்னு நெனச்சுட்டேன் மச்சான்."

குரைக்கும் காட்டுமான் என்று நினைத்துச் சுட்டுவிட்டதாக எத்தனையாவது முறை சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

விடிந்ததிலிருந்து மழை. அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. வாயோரம் வழிவதில் எது பாக்குச் சாறு, எது ரத்தம் என்று பிரிக்க முடியவில்லை. எங்கள் ஆட்கள் கீழே ஓடைக்கரைக் குடிசையில் இருந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டு வரமாட்டார்கள். புனூன் மலைக்குடி வேட்டைக்காரர்களுக்கு அது புதிதில்லை. புகை எழுந்தால் வருவார்கள். அதுவரை அவன் விறைத்துப்போகாமல் இருக்கவும் தீ வேண்டும்.

எழுந்து நாலடி நடந்தேன். ஊர்ப்பக்கம். பிறகு திரும்பி வந்தேன்.

விழுந்து கிடந்த பைன் மரத்தை வெட்டுக்கத்தியால் பிளந்தேன். வெளியே ஊறிப்போயிருந்தது. உள்ளே பிசின் ஏறிச் சிவந்த பகுதி காய்ந்தே இருந்தது. அதைச் சிராய் சிராயாகச் சீவும்போது அவன் கண்ணை மூடினான்.

அறைந்தேன். திறந்தான். மூடினான். மறுபடி அறைந்தேன். மூன்றாவது அறையில் நன்றாக விழித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகும் ஒன்று கொடுத்தேன். மூக்கு உடைந்தது.

அவன் சிரித்தான். "தீ மூட்டத் துப்பில்ல. அடிக்க மட்டும் கை நீளுது." என் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். "புகை வந்தா ஆளுங்க வருவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

முடியை விட்டான்.

குனிந்து, முதுகால் மழையை மறைத்து, லைட்டரைத் தட்டினேன். கட்டைவிரல் தோல் உரிந்தது. கடைசியில் சிராய் கரும்புகையோடு பிடித்தது. பிளந்த கட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். மேலே ஈர விறகைப் போட்டேன். வெள்ளைப் புகை மரங்களுக்கு மேலே ஏறியது.

தியாங்தான் முதலில் வந்து சேர்ந்தான். எங்கள் கூட்டத்தில் மூத்தவன். பின்னால் இரண்டு பேர்.

"என்னடா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் லவூங் சொன்னான். "கேளையாடுன்னு நெனச்சுட்டான்." என்னையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி சவி, என் தங்கை, ஒரு கண் வீங்கி மூடிப்போய் சர்ச்சுக்கு வந்ததை மூன்று பேரும் பார்த்திருந்தார்கள்.

இப்போது அவன் மழைக்கோட்டைப் பார்த்தார்கள். ரோடு போடும் ஆட்களுக்குக் கொடுக்கிற செம்மஞ்சள் கோட்டு. நெஞ்சுக்குக் குறுக்கே மின்னும் பட்டை. எதிர்மலையில் நின்றாலும் கண்ணில் படும்.

தியாங் மண்டியிட்டு அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். தன் கோட்டை லவூங்குக்குப் போர்த்தினான். செம்மஞ்சள் கோட்டைச் சுருட்டி என் தீயில் போட்டான்.

ஈரத்தோடேயே அது சட்டென்று பற்றிக்கொண்டது.